பச்சையம்மாவும் கண்ணாடிக் கருவாடும்

காலையில் சூரியன் கண் விழித்ததும் முதல் வேலையாகப் பசியாவரம் பச்சையம்மாவுக்குப் போன் போடுகிறது. "அக்கா, இன்னிக்கு எந்தக் கூரை மேல அடிக்கணும், எவ்ளோ அடிக்கணும்?" என்று கேட்டு, அவள் உத்தரவு கொடுத்த பிறகுதான் கடலுக்கு மேலே தலையைத் தூக்குகிறது. "இருடா, டீ குடிச்சிட்டுச் சொல்றேன்" என்று அவள் சொல்லிவிட்டால் அன்றைக்கு விடியத் தாமதமாகும். ஐப்பசி, கார்த்திகையில் சூரியன் லீவு கேட்டால் அவள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆரம்பாக்கத்திலிருந்து அனுப்பம்பட்டு வரைக்கும் எரிகிற பல்புகள் எல்லாம் அவள் தெருவில் நடந்தால் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். அமாவாசைக்கு அமாவாசை தீர்ந்துபோகிற நிலாவுக்குச் சார்ஜ் ஏற்றிவிடுவதும் அவள்தான்.

இதில் பொய்யைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது இவ்வளவுதான்: பச்சையம்மா ஒரு சோலார் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சூரியன் அவளுக்குப் போன் போட்டதில்லை. மேனேஜர்தான் போடுவார், அதுவும் திட்டுவதற்கு.

பேரைக் கேட்டு, காது தொங்கின கிழவி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவளுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. குலதெய்வத்தின் பெயரைத்தான் வைப்பேன் என்று அவள் நைனா கோதண்டம் அடம்பிடித்ததால் வந்த வினை. கம்பெனியில் சேர்ந்த புதிதில் ஒருவன், "உன்ன பச்சினு சுருக்கமா கூப்புடட்டுமா?" என்று கேட்டான். "கூப்ட்டுப் பாரு. உன் ஒயர மாத்தி சொருகிடறேன்" என்றாள். அன்றிலிருந்து எல்லோரும் முழுப் பெயரையும் மூச்சு விடாமல் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

கோதண்டத்துக்குத் தொழில் பழவேற்காடு ஏரியில்; பசியாவரம் அதற்குள்ளே ஒரு தீவு. இறால், நண்டு, மடவை, அன்றைக்கு எது வலைக்கு இரக்கப்படுகிறதோ அது. விற்றது போக மிச்சம் விழுவதை அம்மா குப்பம்மா உப்பு போட்டுக் காயவைத்து, பழவேற்காடு கடைத்தெருவில் கருவாடாக விற்பாள். இப்படிப்பட்ட வீட்டில் பன்னிரண்டாவது முடித்த பெண், ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கப் போகிறேன் என்றதும் குப்பம்மா கையிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டாள்.

"பொம்பளப் புள்ள கரண்ட்ல கைய வெப்பாளா? நாளைக்கு எவன்டி உன்ன கட்டிப்பான்?"

"கரண்ட்டே கட்டிக்கும்மா. அது ஒருவாட்டி புடிச்சா வுடாது."

கோதண்டம் மறுநாள் விடியற்காலை படகை இழுத்துத் தண்ணீரில் விட்டு, "ஏறு, பஸ்ஸு பூடும்" என்றார். அவருடைய சம்மதத்தின் மொத்த நீளமே அவ்வளவுதான்.

படிக்கப் போன காலத்தில் படகும் பஸ்ஸும் ரயிலும் ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொண்டு அவளைத் தவறவிட்டன. வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள். அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு, "அது என்மேலேர்ந்துதான் வருது. பொன்னேரி வரைக்கும் ப்ரீ" என்பாள்.

முதல் வேலை கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலையின் தகரக் கூரையில். பேனல் உட்காரும் சட்டங்களுக்குப் போல்ட் முடுக்குகிற ஹெல்ப்பர். கூடச் சேர்ந்த பையன்கள் கூரையில் தவழ்ந்துகொண்டிருக்க, இவள் நடந்துகொண்டிருந்தாள். ஆடுகிற படகின் விளிம்பில் நின்று வலை இழுத்த கால்களுக்கு ஆடாத கூரை ஒரு விஷயமாகவே படவில்லை. சூப்பர்வைசர் ஜான்சன் கீழேயிருந்து, "பெல்ட்ட மாட்டும்மா, எனக்கு நெஞ்சு அடைக்குது!" என்று கத்தினார். அந்த வேலையில் அவள் ஒயர்களைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டாமல், கை பழகிய பழக்கத்தில் வலை முடிச்சுப் போட்டுக் கட்டிவைத்துவிட்டாள். ஜான்சன் திட்டித் தீர்த்துவிட்டுத் தானே அவிழ்க்க உட்கார்ந்தார். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கத்தரிக்கோல் கேட்டார்.

பிறகு போல்ட்டிலிருந்து ஒயருக்கும், ஒயரிலிருந்து மீட்டருக்கும், மீட்டரிலிருந்து இன்வெர்ட்டருக்கும் ஏறினாள். ஏறும்போது வழுக்காமலும் இல்லை. ஒரு தடவை பிளஸ் ஒயரையும் மைனஸ் ஒயரையும் மாற்றிச் சொருகி, ஒரு புது இன்வெர்ட்டரைப் புகைய வைத்தாள். பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு மேனேஜர் ஜெகதீஸ்வரன் எதிரில் போய் நின்று, "நான்தான் சார்" என்றாள். அவர் அன்றைக்குக் கத்திய கத்தலில் ஆபீஸ் பூனை ஊரைவிட்டே போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகுதான் அவளை நம்பித் தனியாக வேலைக்கு அனுப்ப ஆரம்பித்தார்.

அப்படி இருக்கும்போதுதான் பசியாவரத்துக்கே ஒரு வேலை வந்தது. பிடித்த இறாலும் நண்டும் கெடாமல் இருக்க, வெயிலில் ஓடும் ஒரு குளிர் அறை. தீவில் புயலடித்தால் கரண்ட் போய்விடும், திரும்பி வர அதற்கு மனசு வராது. ஐஸ் வாங்க அக்கரைக்குத்தான் படகு விட வேண்டும். அதனால் ஊருக்கே சந்தோஷம். தட்டைக் கூரை போட்ட ஒரு சின்னக் கட்டடம், கூரை மேல் வரிசை வரிசையாகப் பேனல்கள். ஒவ்வொரு ஒயரையும் பச்சையம்மாவே இழுத்தாள். திறந்து வைத்த அன்று கோதண்டம் ஏரியில் எதிரே வந்த படகையெல்லாம் நிறுத்தி, "எங்க பொண்ணு வச்சது" என்று சொல்லிக்கொண்டே போனதில் அன்றைக்கு வலை போட மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஜெகதீஸ்வரன் அவளைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"இத பாரும்மா. ஏரியச் சுத்தி இன்னும் பல ஊர்ல இதே மாதிரி வைக்கப் போறோம். எல்லாத்தையும் பாத்துக்க ஒரு ஆள் வேணும். ஏரிப் பகுதி பொறுப்பாளர். இந்த ரூம் இந்த இறால் சீசன் பூரா ஒழுங்கா ஓடட்டும், அந்த ஆள் நீதான். ஓடலன்னா ஆபீஸ்லேர்ந்து வேற ஒருத்தர போட்டுடுவேன். நீ மறுபடியும் ஊர் ஊரா கூரை ஏறி ஸ்பேனர் புடிக்க வேண்டியதுதான்."

பொறுப்பாளர் என்றால் அவள் சொன்ன இடத்துக்கு வண்டி போகும். நாலு பேர் அவளிடம் கேட்டுவிட்டு ஒயரைத் தொடுவார்கள். எல்லாவற்றையும்விட, அவள் வளர்ந்த ஏரிக்கரையை விட்டு வேலைக்காக எங்கேயும் ஓட வேண்டியதில்லை. அந்த ஆசையை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வயிற்றுக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள்.

குளிர் அறை சில நாட்கள் நன்றாக ஓடியது. பிறகு நோய் வந்தது.

கூரையில் எவ்வளவு மின்சாரம் உண்டாகிறது என்பதை ஆபீஸில் உட்கார்ந்தே போனில் பார்க்கலாம். காலையில் ஏறி, உச்சியில் வளைந்து, சாயங்காலம் இறங்கும் ஒரு கோடு வரும். நல்ல நாளில் அது கவிழ்த்துப்போட்ட படகு மாதிரி இருக்கும். இங்கே வெயில் ஏறியதும் யாரோ படகின் நடுமுதுகில் ஏறி உட்கார்ந்த மாதிரி கோடு தொப்பென்று பள்ளமாகியது. வெயில் தாழ்கிற நேரத்தில் தானாக எழுந்துகொண்டது. பேனல்கள் வரிசையாகக் கைகோத்து நிற்பவை. பெரிய வலையைக் கரைக்கு இழுக்கும்போது நடுவில் ஒருத்தன் கையை விட்டால் மொத்தக் கூட்டமும் தடுமாறும் அல்லவா, அதுபோல ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே படுத்துவிடும். அது தெரிந்த விஷயம். தெரியாத விஷயம், இன்றைக்குப் படுத்த வரிசை நாளைக்கு நல்ல பிள்ளையாக எழுந்து நிற்பதும், அதற்குப் பக்கத்து வரிசை படுத்துக்கொள்வதும். ஓரிடத்தில் நிற்காமல் ஊர் சுற்றும் கோளாறை அவள் எந்தக் கூரையிலும் பார்த்ததில்லை.

பச்சையம்மா அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"மா, நாளைக்கு வரேன். மடவை கொழம்பு வை."

"வாடி கண்ணு" என்றாள் குப்பம்மா.

மறுநாள் போனாள். கூரையில் ஒரு கோளாறும் இல்லை. பேனல்கள் கண்ணாடிக்கடையில் வைத்தவை மாதிரி மின்னின. மீட்டர் வைத்து வரிசை வரிசையாகப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. குழம்பு சாப்பிட்டாள், அதுவும் சரியாக இருந்தது. திரும்பிப் போன மறுநாள் கோடு பள்ளத்தில் கிடந்தது.

மறுபடி போன், மறுபடி குழம்பு, மறுபடி எல்லாம் சரி. ஒயர் முனைகளை மாற்றிப் பார்த்தாள். அளவு காட்டும் பெட்டியை மாற்றிப் பார்த்தாள். உப்புக் காற்றைச் சந்தேகப்பட்டாள். கூரை மேல் அங்கங்கே எண்ணெய்ப் பிசுக்கும் இரண்டொரு செதிலும் தென்பட்டபோது, நீர்க்காகங்கள் மீனைக் கொண்டுவந்து தின்கின்றன என்று முடிவு கட்டினாள். மேனேஜர் ஜிகினா ரிப்பன் கட்டச் சொன்னார். வாங்கி வந்து கூரையைச் சுற்றிலும் கல்யாண வீடு மாதிரி கட்டிவிட்டாள். ஊர்ப் பெண்கள் கீழே நின்று, "ஷோக்கா கீதுமே!" என்று மனசாரப் பாராட்டினார்கள். அந்த ரிப்பன்கள் காக்கா விரட்ட ரொம்பவும் உதவின. எதன் மேல் உட்காரவந்த காக்கா என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

சீசன் முடிய அதிக நாள் இல்லை. ஜெகதீஸ்வரன் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டு, போனில் அந்தக் கோட்டைக் காட்டினார்.

"எல்லா நாளும் பள்ளம். நடுவுல சில நாள் மட்டும் ஜம்முனு ஏறியிருக்கு. அது எந்தெந்த நாள்னு பாத்தேன். நீ அங்க போன நாள்."

"ஆமா சார். நான் போறப்ப சரியாதான் சார் கீது."

"அதான் கேக்கறேன். நீ போனா சரியாவுது, வந்தா கெட்டுப்போவுது. வீட்டுக்குப் போறதுக்கு நீயே ஒரு சாக்கு பண்ணிக்கிறியா?"

பச்சையம்மாவுக்குத் திருப்பி ஒரு வார்த்தை பேச வரவில்லை. பேச வராமல் அவள் நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆபீஸ் பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இந்த வாரத்துக்குள்ள இன்னா கோளாறுன்னு எனக்குத் தெரியணும்" என்றார் அவர். "இல்லன்னா நான் வேற ஆள பாத்துக்கறேன்."

மறுநாள் அவள் அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. குழம்பு கேட்கிற எண்ணமே வரவில்லை. தான் செய்வது பெரிய துப்பறியும் வேலை என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. யாரிடமும் பேசப் பிடிக்காமல் கிளம்பிவிட்டாள், அவ்வளவுதான்.

பழவேற்காட்டுக் கரையில் படகோட்டி நாகப்பன் அவளைப் பார்த்ததும், கடன்காரனைப் பார்த்தவன் மாதிரி படகுக்குள் குனிந்தான்.

"இன்னாமே, சொல்லாம வந்துக்கிற?"

"என் ஊருக்கு வர்றதுக்கு உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா மாமா?"

"சேச்சே. இல்ல, உங்கம்மா சோறு ஆக்கியிருக்க மாட்டாளேன்னு சொன்னேன். ஒரு போன் போட்டுச் சொல்லிடறனே."

"அந்தப் போன உள்ள வை. படக எடு."

படகு போனது. ஆனால் நேராகப் போகவில்லை. நாகப்பன் அவளுக்கு ஏரியைச் சுற்றிக் காட்டுகிறவன் மாதிரி தெற்கே ஒரு வட்டம் போட்டான். "அதோ பாரு, பூநாரை வந்துக்கீது" என்றான். அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிற பூநாரை. பிறகு ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

"டீசல்ல தண்ணி கலந்துச்சு போல" என்றான், வானத்தைப் பார்த்து.

பச்சையம்மா எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். "குழாய் மூடிக் கெடக்கு மாமா."

"அட! யாரு மூடனது?"

"நீதான். கால் கட்ட வெரல இன்னும் அது மேலேர்ந்து எடுக்கல."

கரையில் இறங்கும்போது, தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்த பொடிசுகள் அவளைப் பார்த்துவிட்டு, "அக்கா வந்துட்சி! அக்கா வந்துட்சி!" என்று ஊருக்குள் ஓடினார்கள். வரவேற்புக்குக் கத்துகிற குரல் இல்லை அது. போலீஸ் வந்தால் கத்துகிற குரல்.

குளிர் அறைச் சுவரில் ஒரு மூங்கில் ஏணி சாய்ந்து நின்றது. கட்டடத்துக்குப் படிக்கட்டு கிடையாது, கம்பெனி ஏணி கம்பெனியோடு போய்விட்டது, இது ஊர் ஏணி. பச்சையம்மா அதில் ஏறினாள். மேலே நடமாடிய கூட்டம், அவள் தலை தெரிவதற்குள் பின்பக்கமாகக் குதித்துக் கலைந்துவிட்டது. யார் யார் என்று இப்போது சொல்வது கஷ்டம். கருவாடும் கூடையும் தாமாகவே மேலே ஏறியிருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

மேலே நின்று பார்த்தாள். நடுவரிசைப் பேனல்கள் கண்ணுக்கே தெரியவில்லை. முதுகு கீறி உப்பு தடவிய மடவை, ஆளுக்கொரு திசையில் தலை வைத்த நெத்திலி, ஓரமாகக் கொஞ்சம் வாளை, எல்லாம் வெயிலில் வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்தன. மேலே பழைய நைலான் வலையை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். வலையின் ஓரத்தில் அவள் வாங்கிக் கொடுத்த ஜிகினா ரிப்பன் காற்றில் படபடத்தது. பச்சையம்மா போனை எடுத்து ஒரு படம் எடுத்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை தானாக எடுத்தது.

கீழே குப்பம்மா ஒரு காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள்.

"இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? சோறு கூட ஆக்கல."

"மா. இது இன்னா?"

"எது?"

"இது!"

"கருவாடு" என்றாள் குப்பம்மா. "உனுக்குக் கருவாடு தெரியாதா? பட்டணத்துல ரொம்ப நாளு இருந்துட்டியா?"

"பேனல் மேல ஏம்மா போட்ட?"

"பின்ன? மணல்ல போட்டா மூணு நாளு காயணும், நாயி வேற வாய வெக்கிது. இதுல காலைல போட்டா சாயங்காலம் சலசலங்குது. ஒரு பொட்டு மண்ணு இல்ல. பழவேற்காட்ல கண்ணாடிக் கருவாடுன்னு பேரு சொல்லிக் கேட்டு வாங்கறாங்கோ, தெரியுமா?"

"நான் வர்ற அன்னிக்கு மட்டும்..."

"எடுத்துடுவோம்" என்றாள் குப்பம்மா பெருமையாக. "உன் பேரு கெட்டுடக் கூடாதுல்ல? நீ போன் பண்ணா போதும், அன்னிக்கு யாரையும் போட வுட மாட்டேன். நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, என் சேலையால தொடச்சி, கண்ணாடியாட்டம் வச்சிடுவோம். இன்னான்ற, கலீஜா வுட்ருக்கமா என்னிக்காச்சும்?"

இதற்குள் கோதண்டம் வந்து சேர்ந்தார். விஷயம் கருவாடு பற்றி என்றதும் அவர் வேறு ஒன்றைப் பற்றிச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார்.

"சண்ட கிண்ட ஒண்ணும் வர்ல கண்ணு. பாடு வச்சிட்டோம். இன்னிக்கு இந்த வரிச ஒரு வீட்டுக்கு, நாளைக்கு அடுத்த வரிச அடுத்த வீட்டுக்கு. குலுக்கிப் போட்டுத்தான் எடுத்தோம்."

ஏரியில் எந்த வீடு எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைக் குலுக்கிப் போட்டு முறை வைத்துப் பிரிப்பதுதான் பாடு. அவள் நடக்கப் பழகும் முன்பே காதில் விழுந்த சொல். ஊர் சுற்றும் கோளாறு எதற்கு ஊர் சுற்றியது என்று அந்த நிமிஷம்தான் அவளுக்கு விளங்கியது. அவள் அப்படியே கூரையின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கீழேயிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்டால் அவளுக்கும் தெரிந்திருக்காது.

கீழே இறங்கி வந்த பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள். பொறுப்பாளர் வேலை, சீசன், மேனேஜர் கேட்ட கேள்வி, எல்லாவற்றையும். குப்பம்மாவின் இடுப்பிலிருந்து கூடை மெதுவாக இறங்கியது.

"இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?"

"கெடச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"நாங்களும் சீசன் முடிஞ்சப்புறம் உன்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தோம்."

நாகப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "இதுக்கின்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? பூநாரை மேல போடு. அது இன்னா, உங்க ஆபீசுக்கு வந்து இல்லன்னு சொல்லவா போவுது?" கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

பச்சையம்மா யோசித்தாள். உண்மையைச் சொன்னால், சொந்த வீட்டாரே கெடுத்ததைக் கண்டுபிடிக்கத் தெரியாதவளுக்கு எதற்குப் பொறுப்பு என்பார்கள். சொல்லாவிட்டால், சாக்கு பண்ணிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவள் என்ற பேர் அப்படியே நிற்கும். போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குப்பம்மாதான் பேசினாள். "என் பேர சொல்லிடு. குப்பம்மா, மடவைக் கருவாடு. எனுக்கின்னா, கம்பெனில வேலையா கீது, புடுங்கிக்கறதுக்கு?"

பச்சையம்மா போன் போட்டாள். படத்தையும் அனுப்பினாள்.

"சார், கோளாறு தெரிஞ்சிடுச்சு."

"இன்னா?"

"எங்கம்மா சார்."

அந்தப் பக்கம் அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார் போலிருந்தது. "எவ்ளோ நாளா?" என்றார் கடைசியில்.

"நீங்க ரிப்பன் கட்டச் சொன்னதுக்கு முன்னாடியிலேர்ந்து சார். ரிப்பனையும் யூஸ் பண்ணிக்கிறாங்க சார்."

பிறகு அவருடைய குரல் இறங்கி வந்தது. "இதான் அந்தக் கண்ணாடிக் கருவாடா?"

"சார்?"

"எங்க வீட்ல பழவேற்காடு போனப்ப வாங்கினு வந்தாங்க. மணலே இல்லன்னு..." என்று ஆரம்பித்தவர், தான் மேனேஜர் என்பது நினைவுக்கு வந்து குரலை ஏற்றிக்கொண்டார். "நாளைக்கு நான் வரேன். யாருக்கும் சொல்லாத!"

"சொல்லலன்னா சோறு இருக்காது சார்."

"சோத்துக்கு மட்டும் சொல்லு."

வந்தார். கூரையைப் பார்த்தார். கரண்ட் ஓடுகிற இடத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று ஊரையே நிற்கவைத்துத் திட்டினார். வலையிலிருந்து காக்கா வரைக்கும் ஒருத்தரையும் விடவில்லை. திட்டு முடிந்ததும் குப்பம்மா இலை போட்டாள். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இலையைப் பார்த்தபடியே, "பொண்ணு உங்க பேரையே சொல்லும்னு நான் நெனைக்கலம்மா" என்றார். "இன்னொருத்தனா இருந்தா காக்காய சொல்லியிருப்பான்."

கூரையிலிருந்து கருவாட்டை இறக்கிவிட்டால் பெண்கள் மறுபடி மணலுக்குத்தான் போக வேண்டும். அதற்குப் பச்சையம்மாவே ஒரு வழி கேட்டாள். கம்பெனி குடோனில் லாரியில் வரும்போதே சட்டம் வளைந்துபோன பேனல்கள் கிடந்தன. கண்ணாடி நன்றாக இருக்கும், கூரையில் மாட்ட உதவாது. அவற்றைக் கொடுக்க முடியுமா என்றாள். முடியாது என்றார். மறுபடி கேட்டாள். யோசிக்கிறேன் என்றார். யோசித்து முடிப்பதற்குள் அவர் வீட்டில் கண்ணாடிக் கருவாடு தீர்ந்துவிட்டது என்று கேள்வி. எப்படியோ பேனல்கள் படகேறி வந்தன. அவள் ஒயரையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, நாய் எட்டாத உயரத்துக்குக் கால் வைத்து, தெற்கே சாய்த்து, குளிர் அறைக்குப் பின்னால் மேசை மேசையாக நிறுத்தினாள். ஊர் உடனே அவற்றுக்கும் பாடு வைத்தது. மேசை கிடைக்கிற வீடு அன்றைக்குக் கூரை கழுவ நல்ல தண்ணீர் சுமந்து தர வேண்டும் என்று ஒரு கொக்கியையும் அவள் மாட்டிவிட்டாள். மேலே ஏறிக் கழுவுவது பெல்ட் மாட்டிய ஆள் மட்டும்.

கோடு மறுபடி கவிழ்ந்த படகு மாதிரி வந்தது. சீசன் முடிந்த பிறகும் ஜெகதீஸ்வரன் ஒன்றும் சொல்லாமல் இழுத்தடித்தார். ஒருநாள் வேறு ஏதோ ஒரு கூரையில் போல்ட் குறைந்ததற்குப் போனில் திட்டிக்கொண்டே வந்தவர், "பொறுப்பாளரா இருந்துக்கினு இப்டிப் பண்ணா எப்டிம்மா?" என்றார். அவர் வைத்துவிட்ட பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்ததும் முதலில் கூப்பிட்டது அம்மாவை. குப்பம்மா அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்விதான்: "சரிடி, நாளைக்கு வர்றியா, கொழம்பு வெக்கட்டா?"

ஊர்த் திருவிழா மலரில் போடுவதற்காக அவள் தம்பி இவ்வளவும் எழுதி முடித்ததும், அச்சுக்குப் போகும் முன்னால் பச்சையம்மா தாளைப் பிடுங்கிப் படித்தாள். சூரியன் போன் போடுகிற இடத்தில் மூக்கால் சிரித்தாள். அம்மா தன் பேரைச் சொல்லச் சொன்ன இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பக்கத்தைப் பின்னால் திருப்பினாள்.

"டேய் தம்பி. கருவாடு தானாவே மேல ஏறிச்சா?"

"ஒரு பேச்சுக்கு எழுதனேன், அக்கா."

"அம்மாவுக்கு ஸ்டூல் மேல நின்னாலே கிறுகிறுன்னு வரும். அவ ஏணி ஏறினத நீ பாத்துக்கிறியா?"

அவள் போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கி நீட்டினாள். காய்கிற மடவைக்கு அப்பால், கூரையின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துவிட்டதாக நம்பிக்கொண்டு ஒரு தலை. எழுதினவன் முகம் பளிச்சென்று தெரிந்தது. வாயில் ஒரு நெத்திலி வேறு.

"சாருக்கு அனுப்பறப்ப இந்த ஓரத்த வெட்டிட்டுதான்டா அனுப்பனேன்" என்றாள். "இதையும் சேத்து எழுது. எழுதிட்டு வாளிய எடு, கூர கழுவணும்."